படகு இறங்க எத்தனை அடி தண்ணீர்?

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு நானும் என் முழங்கால்களும் நலம். அங்கு நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். இது தையல்காரர் எழுதிக் கொடுத்ததல்ல, நானே எழுதுவது. முதியோர் வகுப்பில் எனக்கு எல்லா எழுத்தும் வந்துவிட்டது. இத்தனை காலம் நான் சொன்னதில் பாதியை மட்டும் எழுதிவிட்டு, மீதி இடத்தில் தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடியிருக்கிறார் அந்த மனிதர். அவற்றுக்கு நீங்கள் போட்ட பதில்களை இப்போது நானே படித்த பிறகுதான் தெரிந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுத் துறையில், படகைத் தண்ணீருக்குமேல் தூக்கி நிறுத்தும் லிஃப்டில் நீங்கள் ஏற்றி வைத்துவிட்டுப் போன படகை நான் இறக்கியாக வேண்டும். உங்கள் அக்கா அக்கரையில் மகள் வீட்டில் இருக்கிறாள். ஏரியைச் சுற்றிப் போகும் பஸ்ஸில் குடல் வாய்க்கு வந்துவிட்டதாம். திரும்பி வரச் சொன்னால், “அந்த பஸ்ல இனிமே நான் ஏற மாட்டேன். என் தம்பி படகு அங்க சும்மாதானே தொங்குது? முடிஞ்சா அதுல வந்து கூட்டிட்டுப் போங்க” என்கிறாள். முடியும் என்று சொல்லிவிட்டேன். அவள் இல்லாத வீட்டில் என்னைக் குறை சொல்லக்கூட ஆளில்லை மாப்பிள்ளை. ஏரியோ நாளுக்கு நாள் வற்றுகிறது.

படகோடு வந்த புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மிதக்க இரண்டரை அடி என்று போட்டிருந்தது. மூங்கில் கழியை விட்டு அளந்தேன், மூன்றரை அடி. தாராளம் என்று சுவிட்சை அமுக்கினால், லிஃப்ட் பாதி வழியில் தொம்மென்று தரையில் உட்கார்ந்துகொண்டது, படகு லிஃப்டின்மேல் உட்கார்ந்துகொண்டது, இரண்டும் அசைவதாகக் காணோம். கழியைத் திரும்பப் பார்த்தால் அடியில் ஒன்றரை அடிக்குச் சேறு. சேற்றையும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்திருக்கிறேன். படகைத் தாங்கும் இரும்புச் சட்டமே அடிக்குமேல் உயரம் என்பதையும் மறந்துவிட்டேன். சரி, எஞ்சினைப் போட்டால் தானாக உந்திக்கொண்டு போகும் என்று ஏறி உட்கார்ந்து சூடாக்கினேன். ஆயுசெல்லாம் லாரி ஓட்டியவன், சூடாக்காமல் நான் எந்த வண்டியையும் எடுத்ததில்லை. ஆனால் இது வயிற்றுக்குள் எஞ்சின் வைத்த படகு, தன்னைக் குளிர்விக்கும் தண்ணீரை அடியில் உள்ள துளை வழியாக ஏரியிலிருந்தே உறிஞ்ச வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. துளை காற்றைக் குடித்தது. ரப்பர் கருகும் வாசனை வந்தது. மெக்கானிக் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“பெரியவரே, பம்புக்குள்ள இருக்கிற ரப்பர் இறக்கை போச்சு. தண்ணியில்லாம ஓட்டினீங்களா?”

“தண்ணியிலதான்பா நிக்குது.”

“நிக்குது. முங்கலையே.”

புது இறக்கை போட்டாயிற்று, கவலை வேண்டாம். பிறகு மதகுக்காரரிடம் போய், கொஞ்ச நாள் மதகைத் திறக்காதீர்கள், என் சம்சாரம் வர வேண்டும் என்றேன். “என் சம்சாரமும் அவ அம்மா வீட்லதான் இருக்கா. நான் தொறந்து விட்டுட்டு நிம்மதியா இருக்கேன்” என்றார். மண்வெட்டியோடு நானே தண்ணீரில் இறங்கினேன். ஒரு கூடை வாரினால் அந்தக் குழிக்குள் பக்கத்துச் சேறு குடிவந்துவிடுகிறது. விடாமல் வாரினேன். லிஃப்டின் ஒரு கால் புதைந்து படகு தலையைச் சாய்த்துக்கொண்டது. அந்தக் காலுக்குக் கீழே கல் கொடுத்து நிமிர்த்திவிட்டேன். நாளைக்கும் வாருவேன்.

ஆகவே மாப்பிள்ளை, சட்டத்துக்குமேல் எத்தனை அடி தண்ணீர் நின்றால் படகு மிதக்கும், எத்தனை அடி நின்றால் எஞ்சினைப் போடலாம், இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். சீக்கிரம் எழுதுங்கள். நான் இந்தக் கடிதத்தைத் தொடங்கும்போது நனைந்திருந்த துறைக்கல் இப்போது காய்ந்து கிடக்கிறது. ‘வேண்டாம், விட்டுடுங்க அத்தான்’ என்று மட்டும் எழுத வேண்டாம். அந்த வரி வந்தால் படிக்கத் தெரியாதவனாக இருந்துவிடுவேன்.

பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். உங்கள் இருவருக்கும் வற்றாத ஏரி போல எல்லாம் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான் (சொந்தக் கையெழுத்து)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் அக்கா வந்துவிட்டாள். பஸ்ஸில்தான். நான் சேற்றில் நிற்பதை மெக்கானிக் போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். என்னைத் திட்டக்கூடத் தெம்பில்லாமல் தலை சுற்றுகிறது என்றாள். படகில் உட்காரவைத்து, நல்ல காற்று படட்டும் என்று லிஃப்டை மேலே ஏற்றினேன். தெளிந்துவிட்டாள். “இங்க நல்லாருக்குங்க, ஆட்டமே இல்ல. இது தண்ணியில எறங்கினா மறுபடியும் கொமட்டும். இப்படியே இருக்கட்டும்” என்கிறாள். சுவிட்சைத் தொட விடமாட்டேன் என்கிறாள். காப்பியும் மேலேயே வர வேண்டுமாம். அதனால் தண்ணீர்க் கணக்கை விட்டுவிடுங்கள். ஏணி எத்தனை அடி வேண்டும் என்று எழுதுங்கள்.