தண்ணீர் இல்லாமல் குளிக்க வைத்த லாட்ஜ் மேஸ்திரி

தினேஷ், கீர்த்தனா, இரண்டு பேரும் கேளுங்கள். திருப்பதியில் பாத்ரூம் கட்டத் தெரிந்த மேஸ்திரிகள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், பட்டப்பகலில், தெருவே பார்க்க, ஒரு குடும்பத்தையே குளிக்க வைத்த மேஸ்திரி இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் நம் வீட்டுக்கு வந்தபோது தினேஷ் எல்.கே.ஜி., கீர்த்தனா சுவரைப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்தாள். உங்களுக்கு ஒன்றும் நினைவிருக்காது. நீங்கள் தினமும் குளிக்கிற இடத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அவர் கதை என்றால் எப்படியும் சிரிக்கத்தான் வேண்டும்.

அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. லாட்ஜ் மேஸ்திரி, அவ்வளவுதான். சித்தூர்ப் பக்கத்துக்காரர். மலைக்கு வருகிற பக்தர்கள் தங்கும் லாட்ஜுகளில் பாத்ரூம் கட்டிக் கட்டியே தலை நரைத்தவர். நம் ஊர் லாட்ஜ்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து லாட்ஜில் புது டைல்ஸ் போட்டால் இவர்களுக்குத் தூக்கம் வராது. நன்றாக இருப்பதையும் இடித்துப் புதிதாகப் போடுவார்கள். அப்படிக் கழற்றிப் போட்டதில் உடையாத பீங்கான், மிச்சமான டைல்ஸ், கதவு, குழாய் எல்லாவற்றையும் மேஸ்திரி அலிபிரி போகிற ரோட்டுப் பக்கம் ஒரு ஷெட்டில் சேர்த்து வைத்திருந்தார். நம் கையிருப்புக்கு அந்த ஷெட்தான் கடை.

நம் பழைய பாத்ரூமைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே போன ஆள் திரும்பி நிற்க நினைத்தால், வெளியே வந்து திரும்பிக்கொண்டு மறுபடி உள்ளே போக வேண்டும். தகரக் கதவின் அடிப்பாகத்தைத் துரு தின்று, பூனை வந்து போகிற அளவுக்கு வழி இருந்தது. பாசி பிடித்த சிமெண்ட் தரை. தரையோடு பதித்த, குத்துக்காலிட்டு உட்கார வேண்டிய பழைய கக்கூஸ். நானும் உங்கள் அம்மாவும் அதில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் தாத்தா வந்தார். சத்தியவேட்டுப் பக்கத்தில் தனியாக இருந்தவர், வரப்பில் வழுக்கி விழுந்து முட்டியைக் கெடுத்துக்கொண்டார். நான் போய் அழைத்து வந்தேன். வந்த கொஞ்ச நாளிலேயே சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். கேட்டால், "பசிக்கலமா" என்பார். ஒருநாள் என்னிடம், "கடலை வெதைக்கிறதுக்குள்ள நான் ஊருக்குப் பூடறேன்டா. இங்க ஒடம்புக்கு ஒத்துக்கல" என்றார்.

உங்கள் அம்மாதான் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள். "அவுருக்கு ஊரு ஒத்துக்காம இல்ல. நம்ம பாத்ரூமுதான் ஒத்துக்கல. ஒக்காந்தா எழுந்திருக்க முடியாம பூடுமோன்னு பயந்துக்கினு சோத்தையே நிறுத்திட்டு கீறாரு. வாயத் தொறந்து சொல்லுவாரா அந்த மன்சன்?"

ஊரில் விழுந்தால் தூக்க ஆள் கிடையாது. அவர் பஸ் ஏறுவதற்குள் பாத்ரூம் தயாராக வேண்டும். இப்படித்தான் லாட்ஜ் மேஸ்திரி நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

வந்த அன்றைக்கே கதவு, தரை, பீங்கான் எல்லாவற்றையும் பெயர்த்தார். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா தயவில் எங்கள் பிழைப்பு ஓடியது. அடுத்து டைல்ஸ் ஒட்டுவார், குழாய் வைப்பார் என்று நான் காத்திருக்க, அவர் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"தம்பி, உள்ள போய் குளி."

"தண்ணி இல்லியேண்ணா?"

"தண்ணி இன்னாத்துக்கு? சும்மா நெனச்சிக்கினு குளி. கை எங்கெங்க போவுதுன்னு நான் பாக்கணும்."

காரணத்தையும் சொன்னார். முன்பு ஒரு லாட்ஜில் அளவு பார்க்காமல் சோப்பு வைக்கிற பலகையைப் பொருத்திவிட்டாராம். மொட்டை போட்டுவிட்டு வந்த ஒரு ஆள், யானைக்குட்டி மாதிரி உடம்பு, முகத்தில் சோப்போடு அதைப் பிடித்துச் சாய்ந்திருக்கிறார். பலகை கையோடு வந்துவிட்டது. ஆள் இடுப்பில் துண்டோடு, கையில் பலகையோடு, தலையில் சந்தனம் வழிய, நேராக வரவேற்பறைக்கு வந்து மேனேஜர் மேஜை மேல் அதை வைத்து, "இது உங்களுதா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து குளிக்கிற ஆள் ஒத்திகை பார்க்காமல் மேஸ்திரி ஒரு ஆணி அடிப்பதில்லை. லாட்ஜில் மேனேஜரையே குளிக்க வைப்பாராம்.

வேறு வழியில்லாமல் சட்டை பேண்டோடு உள்ளே போய் நின்றேன். இல்லாத சொம்பால் இல்லாத தண்ணீரை ஊற்றிக்கொண்டேன்.

"சோப்ப எங்க வெப்ப? ம். துண்டு?"

"தோள்ல."

"தோள்ல ஆணி அடிக்க முடியாதுப்பா. செவுத்துல காட்டு!"

கதவு இல்லாததால் தெருவிலிருந்து எல்லாம் தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா மதில் மேல் எட்டிப் பார்த்து, "ஏமண்ணா, நீள்ளு ராலேதா?" என்றார். தண்ணீர் வரவில்லையா என்று அவ்வளவு பரிதாபமாகக் கேட்டவர், நான் பதில் சொல்வதற்குள் ஒரு குடம் நிறையத் தண்ணீரே கொண்டுவந்துவிட்டார்.

உங்கள் அம்மா முடியவே முடியாது என்றாள். மேஸ்திரி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தலையில் துண்டையும் போட்டு மூடிக்கொண்டார். "இப்ப நான் கெடையாது தங்கச்சி. நீ வாயால சொல்லு." அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளேயிருந்து, "ஷாம்பு இங்கண்ணா! சீப்பு இங்கண்ணா!" என்று கத்த, அவர் துண்டுக்குள்ளிருந்தே, "இங்கன்னா எங்கம்மா? எனக்கு இன்னா முதுகுல கண்ணா கீது?" என்றார். தினேஷ், நீ ஒத்திகை என்பதையே ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு சோப்போடு வந்து நின்று, தண்ணீர் ஊற்றினால்தான் ஆயிற்று என்று அழுதாய். பக்கத்து வீட்டு அம்மாவின் குடம் உனக்குத்தான் பயன்பட்டது.

தாத்தாவிடம்தான் பருப்பு வேகவில்லை. "நான் இன்னா கூத்தாடியா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்.

வாசலில்தான் புது கமோடும் இருந்தது. புது என்றால் நமக்குப் புது. ஷெட்டிலிருந்து வந்த நாளாக மேஸ்திரி அதை நாற்காலியாக்கிக்கொண்டார். மூடியைக் கவிழ்த்து, கால் மேல் கால் போட்டு, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டு டீ குடிப்பார். தெருப் பையன்கள் அவரைப் பார்க்கவே பள்ளிக்கூடத்துக்கு நம் வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அன்று டீ வந்ததும் அவர் எழுந்துகொண்டார். "நைனா, ஒரு நிமிசம் இதுல ஒக்காரு. வேற எவனாவது வந்து எடம் புடிச்சிக்குவான். நான் போய் பீடி வாங்கிக்கினு வந்துடறேன்."

"எவன்டா இதுக்கு வந்து எடம் புடிப்பான்?" என்று தாத்தா சிரித்தார். ஆனால் உட்கார்ந்தார்.

மேஸ்திரி பீடி வாங்கப் போகவேயில்லை. பக்கத்தில் நின்றபடியே கடலை, மழை, பன்றித் தொல்லை என்று பேச்சுக் கொடுத்தார். ஊரில் தனியாக எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டதற்குத் தாத்தா, "அங்க புடிச்சிக்க ஒரு மரமாவது கீதுய்யா" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை என்னிடம் அவர் சொல்லாத வார்த்தை அது.

பிறகு தாத்தா எழுந்தார். எழும்போது அவருடைய வலது கை காற்றில் எதையோ தேடியது. மேஸ்திரி மறுபக்கம் பார்த்தபடி, ஒன்றும் நடக்காதது மாதிரி, அரை அடி கிட்டே நகர்ந்து நின்றார். கை அவருடைய விலாவில் போய்ப் பதிந்தது. தாத்தா அழுத்தி எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்துவிட்டார்.

உடனே மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்து, கை பட்ட இடத்தில் தன் சட்டை மேலேயே ஒரு கோடு கிழித்தார். "யாரும் கிட்ட வராதீங்க! அளவு கலைஞ்சிடும்!" என்று கத்திக்கொண்டு, மூச்சைக்கூட விடாமல், கஞ்சி போட்ட சட்டை மாதிரி விறைப்பாக நடந்து பாத்ரூமுக்குள் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றார். அந்தக் கோட்டைச் சுவரில் இறக்கிய பிறகுதான் மூச்சு விட்டார். ஏதோ லாட்ஜின் மாடிப்படியில் இருந்த எவர்சில்வர் கம்பியை அறுத்து அங்கே பதித்தார். பதித்ததும் தானே அதைப் பிடித்துத் தொங்கி, உங்கள் அம்மாவையும் தொங்கச் சொன்னார். அவள் ஓடிவிட்டாள்.

கடைசியில் கதவு. அதுவும் லாட்ஜ் கதவு, ரூம் நம்பரோடு. லாட்ஜ் பழக்கத்தில் வெளிப்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் வைத்துவிட்டார். அவர் உள்ளே நின்று தன் வேலையை ரசித்துக்கொண்டிருக்க, பூனை நுழைந்துவிடும் என்று உங்கள் அம்மா வெளியே தாழ் போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து திறந்தால், மனுஷன் கமோடு மேல் சாய்ந்து அரைத் தூக்கம்.

"கூப்புடக் கூடாதாண்ணா?"

"எதுக்கு கூப்புடணும்? தாப்பா புடிக்குதான்னு பாத்துக்கினு இருந்தேன். நல்லாவே புடிச்சிருக்கு."

மறுநாள் காலையில் தாத்தா முதல் ஆளாக உள்ளே போனார். நாங்கள் எல்லாரும் கதவுக்கு வெளியே கும்பலாக நின்றோம். "போங்கப்பா அந்தாண்ட! உள்ள இன்னா கலெக்டரா கீறாரு?" என்று மேஸ்திரி விரட்டினார். ஆனால் தான் மட்டும் போகவில்லை. உள்ளே தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. தாத்தா வந்தார், யாரையும் பார்க்கவில்லை, நேராகப் போய்த் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். "இன்னா கொழம்புமா?" என்றார். மூன்றாவது முறை சோறு கேட்டபோது உங்கள் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்புப் புகை என்றாள். நம் வீட்டில் கேஸ் அடுப்பு. கடலை விதைக்கிற நாள் வந்தது, போனது. ஊருக்குப் போகிற பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

மேஸ்திரிக்குத் தடாவில் ஒரு புது லாட்ஜ் வேலை வந்தது. கிளம்பும்போது என்னிடம் சொன்னார். "தம்பி, அப்பப்ப டைல்ஸ தட்டிப் பாரு. கெட்டியா சத்தம் வந்தா கவலையில்ல. டொப்புன்னு வந்தா உள்ள காத்து பூந்துகிச்சின்னு அர்த்தம். எனக்கு ஒரு போன் போடு. எங்க கீறேனோ அங்கேர்ந்து வந்து ஒட்டிக் குடுத்துட்டுப் போறேன்." அவ்வளவுதான். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அம்மாவோடு சித்தூருக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தீர்கள். தாத்தா சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டினேன். சுவரில் காதை வைத்து, கீழ் வரிசையிலிருந்து கை எட்டுகிற உயரம் வரைக்கும் பொறுமையாகத் தட்டினேன். எல்லாம் கெட்டி. பாழாய்ப்போன மனுஷன், ஒன்றையாவது கொஞ்சம் அரைகுறையாக ஒட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?