ஐஸ்பெட்டி இடம் பார்த்த கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பத்திரிகை வாசித்துப் பழக்கம் உண்டே தவிர எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் எங்கள் ஜெபக் கூட்டத்தில் இந்தக் கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லி, போன கிறிஸ்துமஸுக்கு ஒருவர் அதில் ஹெலிகாப்டரையே இறக்கிவிட்டார். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆண்டவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நியூ ஜெர்சிக்கு வந்து இறங்கிய தமிழர்களில், நாங்கள் ஐஸ்பெட்டி என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டவரைப் போல ஒரு ஆள் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. டாக்டர் வந்திருக்கிறார், இன்ஜினியர் வந்திருக்கிறார். ஐஸ் ஹாக்கிக்குக் கல்யாண மண்டபம் பார்ப்பதுபோல மைதானம் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் வெஸ்ட் வின்ட்சர் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் இருந்தோம். என் மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். ஐஸ்பெட்டிக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். அங்கே மீனுக்கு ஐஸ் போடும் ஃபேக்டரியில் இருந்தவர், கப்பலேறி எப்படியெப்படியோ சுற்றி, எங்கள் ஊரிலிருந்து அரைமணி நேர டிரைவில் இருந்த ஒரு ஹாக்கி அரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வீட்டில் அவரும் ஒரு டிவியும்தான்.

ஹாக்கி என்றால் நம் ஊர் ஹாக்கி இல்லை. ஐஸ் தரையில் கத்தி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு கறுப்பு ரப்பர் வில்லையை மட்டையால் துரத்துவார்கள். சின்ன டீம்தான், ஆனாலும் சம்பளம் வாங்கி ஆடுகிறவர்கள். அந்த ஐஸ் உருகாமல் பார்த்துக்கொள்ளும் மெஷின் ரூம் அரங்கத்துக்கு அடியில் இருந்தது. ஆட்டம் நடக்கும் நாளில் ஐஸ்பெட்டி அங்கேதான் இருந்தாக வேண்டும். தலைக்கு மேலே தடதடவென்று ஓடுவார்கள், கூட்டம் கத்தும். யார் அடித்தான், யார் விழுந்தான், எதுவும் தெரியாது. அத்தனை வருஷ வேலையில் ஒரு ஆட்டம்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை.

"லீவு போட்டுட்டு ஒருநாள் மேல போய் உக்காந்து பாருங்களேன் அண்ணே" என்றேன்.

"தனியா உக்காந்து பார்க்கிறதுக்கு என் வீட்ல டிவி இருக்கு மாப்ள. ஆட்டம் பார்க்கிறதுன்னா என்ன? பக்கத்து ஆள் தொடையில தட்டி, 'பாத்தியா அதை'ன்னு சொல்லணும். என் பக்கத்துல யார் இருக்கா? கம்ப்ரஸர்."

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஜெபக் கூட்டத்துக்குத் தவறாமல் வருவார். அவர் இந்து. ஜெபமாலை முடியும்வரை கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ஆமென் மட்டும் எல்லாருக்கும் முந்திச் சொல்லிவிடுவார். "சாம்பார் ஆறிடும் சிஸ்டர்" என்பார் ஸ்டெல்லாவிடம். அவள் நர்ஸ் என்பதால் அவருக்கு எப்போதும் சிஸ்டர்தான்.

ஒருநாள் அந்த அரங்கத்து மேனேஜர், டீ குடிக்கிற இடத்தில், இந்தக் குளிர்காலத்தில் ஒரு ஆட்டத்தைத் திறந்த வெளியில் நடத்த முதலாளி ஆசைப்படுகிறார், நல்ல இடம் தெரிந்தால் சொல்லுங்கள் என்று எல்லாரிடமும் பொதுவாகச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஐஸ்பெட்டி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, பொறுப்பை நம்மகிட்ட குடுத்துட்டான். வெளியில நடந்தா மெஷினை லாரியில வச்சு ஐஸ் பக்கத்துலயே நிறுத்துவான். நான் மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டே பார்க்கலாம். நீங்கள்லாம் என் பக்கத்துல நிக்கலாம். இடம் மட்டும் அமையணும்."

அதற்குப் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அவருடையவை ஆயின. பூசை முடிந்ததும் அவருடைய பெரிய பழைய காரில் நானும் ஸ்டெல்லாவும் மகள் ரோசியும் ஏறிக்கொள்வோம். எந்த இடத்தில் இறங்கினாலும் முதல் கேள்வி, "தண்ணி எப்படி?" அடுத்தது, "பந்தி எங்க போடறது?" மூன்றாவது, "கூட்டம் வந்தா கக்கூஸ் போதுமா?" திசையும் பார்ப்பார். "மாப்பிள்ளை கிழக்க பார்த்து உக்காரலாம். கோல் காக்கிற கோலி உக்காரக்கூடாது. சூரியன் கண்ணுல அடிச்சா வில்லை வயித்துல அடிக்கும்."

அளப்பதற்கு அவரிடம் டேப் இல்லை, எட்டு முழ வேட்டிதான் இருந்தது. ஒரு முனையை நான் பிடிக்க, மறு முனையை அவர் பிடிக்க, பனியில் காலைப் புதைத்துப் புதைத்து மைதானம் மைதானமாக அளந்தோம். ஒரு தடவை யாரோ கூப்பிட்டு போலீஸ் வந்துவிட்டது. என்ன செய்கிறீர்கள் என்று போலீஸ்காரர் கேட்டார். ஐஸ்பெட்டி டீம் பெயரைச் சொல்லி, ஹாக்கி ஆட்டத்துக்கு இடம் பார்க்கிறோம் என்றார். போலீஸ்காரர் வேட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி வேட்டியைப் பார்த்தார். பிறகு தன் மச்சானுக்குப் பண்ணை ஒன்று இருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள் என்று வழி சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பண்ணையில்தான் அதிரசப் பரீட்சை நடந்தது. கடைசி வரிசைக்காரனுக்கு வில்லை தெரிய வேண்டுமே. எங்களைத் தூரத்து மூலையில் மடக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, ஸ்டெல்லா அந்த வாரம் கருக்கிய அதிரசம் ஒன்றை உறைந்த குட்டையின்மேல் உருட்டிவிட்டார்.

"தெரியுதா சிஸ்டர்?"

"தெரியுது அண்ணாச்சி. ஆனா அதைத் திங்கிறதுக்குத்தான் சுட்டேன்."

"இது நல்லா வழுக்கிட்டுப் போகுது. தின்னா இப்படிப் போகுமா?"

பண்ணை நாய் பாய்ந்து வந்து அதிரசத்தைக் கவ்வியது. கொஞ்ச தூரம் ஓடியது, கீழே வைத்தது, யோசித்தது, விட்டுவிட்டுப் போய்விட்டது. திரும்பி வரும் வழி முழுக்க ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ரோசி மட்டும், "டாட், ஆர் வீ டன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

இன்னொரு இடம் கல்லறைத் தோட்டத்தை ஒட்டியது. சமதரை, பெரிய பார்க்கிங். அவர் சொக்கிப் போனார். நான் ஆத்துமாக்களுக்காக ஒரு ஜெபம் சொல்லிவிட்டு, "வேண்டாம் அண்ணே, செத்தவங்களுக்குத் தொந்தரவு" என்றேன். "ஏன்? கேலரி ஃபுல்லா இருக்கும்ல?" என்றார். எங்கள் பங்குக் கோயில் பார்க்கிங்கையும் விடவில்லை. ஐரிஷ் சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆட்டத்தில் சண்டை வருமா என்றார். "கொஞ்சமா வரும் ஃபாதர். பல்லு மட்டும்தான்." சாமியார் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த ஞாயிறு பிரசங்கம் சமாதானத்தைப் பற்றி.

கடைசியில் ஐஸ்பெட்டி, போலீஸ்காரரின் மச்சான் பண்ணையையே முடிவு செய்தார். மேனேஜரிடம் போய்ச் சொன்னார். மேனேஜர் கையைக் குலுக்கி நன்றி சொன்னார். அதற்குள் முதலாளி இடம் முடிவு செய்தாகிவிட்டதாம். அரங்கத்தின் சொந்த பார்க்கிங் லாட்.

அன்று சாயங்காலம் வந்து சோபாவில் உட்கார்ந்தவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு சொன்னார், "ஊரெல்லாம் பொண்ணு பார்த்துட்டுக் கடைசியில அத்தை மகளைக் கட்டின கதையாப் போச்சு. போகட்டும். லாரி மெஷின் உண்டான்னு கேட்டேன். உண்டுன்னான். நீ வருவேல்ல?"

"குடும்பத்தோட வர்றோம் அண்ணே."

"பக்கத்துலயே நிக்கணும்."

ஆட்டத்தன்று ஜெபக் கூட்டமே கிளம்பி வந்தது. ஸ்டெல்லா புளியோதரை கட்டியிருந்தாள். ஐஸ்பெட்டி கல்யாண வீட்டுக்காரர் மாதிரி புதுச் சட்டை போட்டு, மேலே கோட்டைப் போட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் லாரியருகே நின்று எங்களுக்குக் கையாட்டினார். அவருக்கும் ஐஸுக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை.

ஆட்டம் தொடங்கியபோது வெயில் வந்தது. ஜனவரியில் அப்படி ஒரு வெயிலை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. ஜனங்கள் கோட்டைக் கழற்றினார்கள். ஐஸின் மேல் தண்ணீர் பளபளத்தது. மேனேஜர் ஓடி வந்தார். ஐஸ்பெட்டி ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி மெஷின்முன் குத்துக்காலிட்டார். ஒரு கை வால்வில், கண் இரண்டும் மீட்டர் முள்ளில். முள் ஏறினால் ஒரு திருகு, இறங்கினால் ஒரு திருகு. கண்ணை எடுத்தால் ஐஸ் போய்விடும், ஆட்டம் நின்றுவிடும்.

நான் வேலியோரமாகப் போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஒரு மேகம் அனுப்பும் ஆண்டவரே என்று மனசுக்குள் கேட்டேன். மேகம் வரவில்லை.

"மாப்ள" என்றார், திரும்பாமல். "என்ன நடக்குது?"

எனக்கு அந்த ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். "சிவப்புச் சட்டை ஓடுறான் அண்ணே. வெள்ளைச் சட்டை குறுக்க வர்றான். தள்ளிட்டான்."

"விழுந்தானா?"

"விழுந்துட்டான். எந்திரிச்சிட்டான். இப்ப கோலி படுத்துட்டான்."

"ஏன் படுத்தான்?"

"தெரியல அண்ணே. களைப்பா இருக்கும்."

அவர் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார். கை மட்டும் வால்வை விடவில்லை. ஆட்டம் முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். தொண்டை கட்டிப்போனது. ஸ்டெல்லா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, நான் குடிக்கிற நேரத்துக்கு அவள் சொன்னாள்: "அண்ணாச்சி, ரெண்டு பேர் கட்டிப்பிடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. பிரியமா, சண்டையான்னு தெரியல." ரோசிகூட வந்து, "அங்கிள், தே ஸ்கோர்ட்!" என்று கத்தினாள். கோல் விழுந்ததை அவர் அப்படித்தான் அறிந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். முட்டி பிடித்துக்கொண்டது. வேலி வழியாகக் கையை நுழைத்து என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்தியா மாப்ள" என்றார். "நல்ல ஆட்டம்."

பிறகு டெக்சாஸில் வேலை கிடைத்து ஆலன் என்கிற ஊர்ப்பக்கம் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக போன் வரும். ஹலோ கிடையாது, சௌக்கியமா கிடையாது. "மாப்ள, என்ன நடக்குது?" நானும் சொல்லிக்கொண்டே போவேன். ரோசி காலேஜ் போனது, ஸ்டெல்லா கருக்கிய அதிரசம், எல்லாம். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். இப்போது அந்த போன் வருவதில்லை. அந்த நேரத்தில் நான் அவருக்காக ஒரு ஜெபம் சொல்கிறேன். ஆமெனை மட்டும் கொஞ்சம் முந்தியே சொல்லிவிடுகிறேன்.

இதை நீங்கள் யாருக்காவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். ஹெலிகாப்டர் வரவில்லை. மேகமும் வரவில்லை. ஐஸ் உருகவில்லை. அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தது.