கம்ப்ரசருக்குப் போர்த்திய ஈரச்சாக்கு

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். (பேசச் சொன்னால் இதைவிட மோசம். நாலு பேர் நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.)

தொண்ணூறுகளின் கடைசியில், ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அது அனுப்பும் காற்றுதான் ஆழத்தில் பாறையை உடைக்கும் சுத்தியலை ஓட்டும், கல்தூளையும் மேலே தள்ளும். நடுவில் காற்று நின்றால் தூள் இறங்கி சுத்தியலை இறுக்கிவிடும். சுத்தியலும் போச்சு, கிணறும் போச்சு.

எனக்குக் கல்யாணமான முதல் கோடை. வடமதுரைக்குப் பக்கத்தில் மாமனாரின் தென்னந்தோப்பு மட்டை தொங்கி நின்றது. கிணறு வற்றிவிட்டது. முதலாளியிடம் கெஞ்சி (கெஞ்சியது என் மனைவி செல்வி, நான் அவள் பின்னால் நின்றேன்) வண்டியை அங்கே கொண்டுபோனேன்.

உச்சிவெயிலில் கம்ப்ரசரின் சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி நகர்ந்தது. குழாயை மேலே தூக்கச் சொல்லிவிட்டு, எந்திரத்தை ஆறவிட்டு, ரேடியேட்டரில் அடைத்த தூசியை ஊதியிருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் மாமனார் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். புது மாப்பிள்ளை வேலையை நிறுத்துவதா?

அப்போது அத்தை மோர்ப்பானையோடு வந்தார். பானையைச் சுற்றி ஈரச்சாக்கு. மோர் ஜில்லென்று இருந்தது. என் மூளை வேலை செய்தது. (அபூர்வமாகத்தான் செய்யும். செய்தால் இப்படித்தான்.)

"மாமா, சாக்கு இருக்குமா?"

"இருக்கிற அம்புட்டையும் எடுத்துக்கங்க மாப்ள."

சாக்குகளை நனைத்து ரேடியேட்டரின் முகத்தில் போர்த்தினேன்.

"பாத்தியாடி ஒம் புருசன் மூளைய!" என்றார் அத்தை செல்வியிடம்.

அந்த நேரத்தில்தான் துளையிலிருந்து தூள் ஈரமாக வரத் தொடங்கியது. மாமனார் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார்.

குழாய் இறக்கும் சேகர் திரும்பிப் பார்த்துக் கத்தினான். "ஏலே, அதுக்கென்ன குளிர்காச்சலா? மூச்சு விட வழியில்லாம போத்தி வச்சிருக்க! எடுலே!"

பாய்ந்து இழுத்தேன். விசிறி சாக்கை உறிஞ்சிப் பிடித்திருந்தது. கிழிந்து பாதி வந்தது. கொதிநீர் பீறிட்டது. எந்திரம் ஒருமுறை விக்கி நின்றது. காற்று நின்றது.

சாயங்காலம் வரை இழுத்துப் பார்த்தார்கள். சுத்தியல் அசையவில்லை. அத்தை வீட்டுக்குள் போய் அழுதார். மாமனார் மட்டும் என்னிடம் வந்தார்.

"செத்த நேரம் ஒக்காருங்க மாப்ள. மோரு குடிங்க."

குடித்தேன்.

அந்த வருடமே தென்னைகள் செங்கல் சூளைக்குப் போயின. மாமனார் ஒரு மில்லில் காவலுக்குப் போனார். நான் அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. தீபாவளிக்கு அவரே அழைக்க வந்தார். வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"ஊர்ல எல்லாரும் மாப்ளைக்குச் சீரு செய்வாக. எங்க மாப்ளதேன் எங்க தோட்டத்துல இரும்பு வெதச்சிருக்காரு. இன்னும் மொளைக்கல. வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க."

முதலில் சிரித்தவரும் அவர்தான். அதற்குப் பிறகுதான் நாங்கள் சிரிக்க முடிந்தது. இப்போது அவர் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மகள் அதை அவர் குரலிலேயே சொல்லிக்காட்டுகிறாள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

17.5.2009, ஞாயிறு