துருப்பிடித்த நங்கூரத்தின் இருநூற்றுப் பதினைந்தாவது புகார்

அன்பு மிகுந்த மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீங்கள் சௌக்கியமாக இல்லை என்பதும், அதற்கு யார் காரணம் என்பதும் எனக்குத் தெரியுமாகையால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். வீட்டு முகவரிக்கு அனுப்பினால் என் மகள் பிரித்துவிடுவாள் என்றுதான் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

உங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம் நான் “கம்ப்யூட்டர்” என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு என் மகள்தான், “அப்பா, அவர் ஒரு ஆன்லைன் கேம் கம்பெனில இருக்காரு, கேம் ஆடறவங்க கேக்கற கேள்விக்கெல்லாம் கம்பெனி சார்பா பதில் சொல்றதுதான் வேலை” என்று விளக்கினாள். அதாவது புகார்ப் பிரிவு! குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இதைக் கேட்டால் கை சும்மா இருக்குமா? சும்மா எட்டிப் பார்ப்போம் என்று உங்கள் துறைமுக விளையாட்டை போனில் ஏற்றி, நானும் ஒரு சின்னத் துறைமுகம் கட்டி, இரண்டு படகும் ஒரு கலங்கரை விளக்கும் வாங்கி, ஆட்டக்காரர்கள் பேசிக்கொள்ளும் மன்றத்திலும் சேர்ந்தேன். அங்கே முதலில் கண்ணில் பட்டது நீங்கள் எழுதிய அறிவிப்பு: “நேற்றைய அப்டேட்டுக்குப் பிறகு சில படகுகள் கரையேறி நடக்கின்றன. தவறு எங்களுடையது. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்கிறோம்.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தவறு என்று எழுதலாமா? அதுவும் தேதியோடு? எங்கள் அலுவலகத்தில் பதிலில் தேதி போட்டவரை மறுவாரமே மீட்டர் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எங்களுக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்: “தங்கள் மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு வருகிறது.” குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அதுதான், தண்ணீரோடு தவளை வந்தாலும் அதுதான்.

இந்தப் பிள்ளை வேலையை இழக்கப் போகிறதே என்ற கவலையில், சோதித்துப் பார்க்க நானே ஒரு புகார் போட்டேன். என் கூடையிலிருந்து கடற்பறவை மீனை அள்ளிக்கொண்டு போகிறது என்று. ஒரு மணி நேரத்தில் பதில்: “பறவையின் பசியை ஆறு என்று வைப்பதற்குப் பதில் அறுபது என்று வைத்துவிட்டோம். மன்னியுங்கள். புதன்கிழமை சரியாகும்.” புதன்கிழமை சரியாகவும் ஆகிவிட்டது! மாப்பிள்ளை, ஆயிரக்கணக்கில் பதில் எழுதிய எனக்கு யாரோ ஒருவர் பதில் எழுதியது அதுதான் முதல் தடவை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் நான் எதைக் கேட்டாலும் உங்கள் அத்தை “ம்” என்பதோடு சரி. எனக்கு ருசி கண்டுவிட்டது. இன்னொரு புகார் போட்டேன். அப்புறம் இன்னொன்று. மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. ஆமாம், நீங்கள் நினைப்பது சரிதான். மன்றத்தில் ‘துருப்பிடித்த நங்கூரம்’ என்ற பெயரில் உங்கள் உயிரை வாங்கும் அந்த ஆள் நான்தான்.

போன மாதம் இங்கே வந்திருந்தபோது சாப்பாட்டில் கை வைக்காமல் போனைப் பார்த்துக்கொண்டே, “இந்த நங்கூரம் மட்டும் என் கையில கெடைச்சான்னா இருக்கு அவனுக்கு” என்று பல்லைக் கடித்தீர்களே, எனக்குப் புரையேறியது. “பொறுமையா இருங்க மாப்பிள்ளை, எவனோ வேலையத்தவன்” என்றேன். உங்கள் அத்தை என் தலையைத் தட்டினாள். பிறகு நான் குளியலறைக்குப் போய், மாலையிலிருந்து ஏன் பதில் இல்லை என்று எழுதியதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பழைய படகுகளை நீக்கப் போகிறோம், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்று நீங்கள் முன்கூட்டியே அறிவித்தீர்கள். மன்றம் கொதித்தது. “நங்கூரம் அண்ணா, ஏதாவது செய்யுங்க” என்று ஆளாளுக்கு ஏற்றிவிட, எதிர்ப்பைக் காட்ட ஒருநாள் முழுக்க யாரும் தங்கள் துறைமுகத்தில் விளக்கேற்ற வேண்டாம் என்று நான் எழுதிவிட்டேன். ஒன்பதாயிரம் கலங்கரை விளக்குகள் அணைந்தன. எனக்கு ஒரே பெருமை. மறுநாள் என் மகள் போனில் அழுகிறாள். “அப்பா, எல்லாத்தையும் வெளிப்படையாச் சொன்னதாலதான் இந்தக் கலாட்டான்னு மேலாளர் சொல்றாரு. இனிமே ஒரே மாதிரி பதில் போதுமாம். அது சரிவந்தா இவர் வேலையே தேவையில்லையாம். யாருக்கும் கோபம் வராத மாதிரி ஒரு பதில் எழுதித் தாங்கப்பா. நீங்கதான் அதுல கெட்டிக்காரர் ஆச்சே.”

எழுதிக் கொடுத்தேன். பழக்க தோஷம், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அதை நீங்கள் மன்றத்தில் போட்டதும் பார்த்தேன். “தங்கள் கருத்துகள் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு வருகின்றன.” படித்த மாத்திரத்தில் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! யாரடா இவன், நம்மை மடையன் என்று நினைத்துவிட்டானா என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அப்புறம்தான் அந்த இவன் நான் என்பது உறைத்தது. அன்றோடு சண்டை ஓய்ந்தது, மாப்பிள்ளை. மேலாளருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் மன்றத்தில் இப்போது ஈ காக்கை இல்லை. படகு நடந்தால்கூட யாரும் சொல்வதில்லை. எங்கள் அலுவலகத்தில் இரண்டாவது கடிதம் வராவிட்டால் மனுதாரர் திருப்தியடைந்தார் என்று கோப்பை மூடிவிடுவோம். முப்பத்தொரு வருஷம் அப்படி மூடியிருக்கிறேன். அவர்களெல்லாம் திருப்தியடையவில்லை, என்னிடம் கேட்பதையே விட்டுவிட்டார்கள் என்பது இந்த வயதில்தான் தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை மேலாளர் உங்கள் வேலையைப் பற்றி முடிவு செய்யப் போகிறார் என்று என் மகள் சொன்னாள். ஆகவே அதற்கு முன் இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுங்கள். அந்தப் பதிலை எழுதியவனே அதைக் குப்பை என்கிறான் என்று சொல்லுங்கள். தவறு என்றால் தவறு என்று, தேதியோடு, பழையபடி நீங்களே எழுத வேண்டும். கத்துகிறவர்கள் கத்தட்டும், இருக்கிறார்கள் என்றாவது தெரியும். என் பங்குக்கு உறுதி தருகிறேன்: இன்றோடு அந்த விளையாட்டை போனிலிருந்து எடுத்துவிடுகிறேன். இனி என்னிடமிருந்து ஒரு புகார்கூட வராது.

நீங்களும் என் மகளும் எல்லா வளமும் பெற்று, நேரத்துக்குச் சாப்பிட்டு, நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன். உங்கள் அத்தையும் ஆசீர்வாதம் சொல்கிறாள். அவளிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்

பின்குறிப்பு: விளையாட்டை நீக்குவதற்காக மட்டுமே ஒரு தடவை திறந்தேன். இன்று காலையிலிருந்து கடற்பறவை ஒரே நேரத்தில் இரண்டு மீன் தூக்குகிறது. இதை ஏன் யாரும் முன்கூட்டியே அறிவிக்கவில்லை? வெளிப்படையாகப் பேசுவதாகச் சொல்லும் நிறுவனத்துக்கு இது அழகா? மேலாளர் பதில் எனக்கு வேண்டாம், உங்கள் கைப்பட வேண்டும், அதுவும் தேதியோடு. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் விளக்கை மறுபடி அணைப்போம். மன்றத்திலும் போட்டுவிட்டேன், பத்து நிமிஷத்தில் நானூறு பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.

— து. நங்கூரம்