வங்கியைப் பெண் பார்க்கப் போன தரகர்

கிளிநொச்சி மாவட்டத்திலேயே ஒரு வங்கியைப் பெண் பார்க்கப் போன ஒரே மனிதர் எங்கள் தரகர்தான். வேறு யாராவது போயிருந்தால் ஆசிரியருக்கு எழுதிப் போடுங்கள், நான் இந்தப் பத்தியையே நிறுத்திவிடுகிறேன். அவர் பார்க்க வந்த வங்கியில் அப்போது நான் வேலை செய்தேன். அதனால் பெண் வீட்டார் சார்பில் இதை அடித்துச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

தரகர் என்றால் காணித் தரகர் இல்லை, மாட்டுத் தரகர் இல்லை. கலியாணத் தரகர். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அடையாள அட்டையில் நானே பார்த்திருக்கிறேன். பார்த்த கையோடு மறந்தும்விட்டேன், ஏனென்றால் அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை, சைக்கிள் கரியரில் சாதகக் குறிப்புகள் பிதுங்கும் ஒரு பை. கண்டாவளையிலிருந்து ஓமந்தை வரைக்கும் அவர் தேத்தண்ணி குடிக்காத வீடு கிடையாது. இரணைமடுக் குளத்து மீன்களுக்குச் சோடி சேர்த்துவிட்டவரும் இவர்தான் என்று எங்கள் காசாளர் சொல்லுவார்.

இப்படிப்பட்டவருக்கு வங்கி மாறும் யோசனை வந்ததற்குக் காரணம் அவருடைய வலது கை. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அது நடுங்கத் தொடங்கியிருந்தது. தேத்தண்ணி பாதி சட்டையில் சிந்தியதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் கையெழுத்து? தரகரின் கையெழுத்து லேசுப்பட்டதில்லை. தொடக்கத்தில் ஒரு சுழி, நடுவில் தேர்ச்சில்லு மாதிரி ஒரு வட்டம், முடிவில் இழுத்துவிட்ட ஒரு வால். நடுக்கம் வந்த பிறகு அந்தத் தேர் பாதி வழியில் சரிந்துவிட்டது. எங்களுக்கு எதிரே, வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த வங்கியில்தான் அவருக்குக் கணக்கு. காசு எடுக்கப் போன இடத்தில், வரிசை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்க, கவுண்டரில் இருந்த பெண் காசு எடுக்கும் துண்டுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நேரே வீதியைக் கடந்து வந்து என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“‘ஐயா, இது உங்கடை கையெழுத்து இல்லை’ எண்டு அந்தப் பிள்ளை சொல்லுது. ‘அப்ப ஆரின்ரை?’ எண்டு கேட்டன். ‘தெரியேல்லை, ஐடென்ரிக் காட்டைக் காட்டுங்கோ’ எண்டுது. காட்டினன். அது சண்டை முடிஞ்சு முகாமிலை இருக்கேக்கை எடுத்த படம். தாடியும் எலும்புமா நிக்கிறன். வடிவாப் பாத்திட்டு, ‘இது உங்கடை அண்ணரோ?’ எண்டு கேக்குது.”

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“சிரியுங்கோ பிள்ளை, வரிசையிலை நிண்டவையும் சிரிச்சவைதான்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒண்டு. நான் என்ன வியாபாரம் செய்யிறன்? என்ரை வாய்ச்சொல்லு மட்டுந்தான். தரகர் சொன்னால் சரி எண்டு நம்பித்தான் குமரைக் கட்டிக் குடுக்கினம். இப்ப நான் நானே இல்லையெண்டு நாலு பேருக்கு முன்னாலை சொல்லியாச்சு. கண்டாவளையிலை ஒரு வீட்டுக்காரர் வழியிலை மறிச்சு, ‘அண்ணை, பிள்ளையின்ரை குறிப்பை ஒருக்காத் தாங்கோ’ எண்டு திருப்பி வாங்கிக்கொண்டு போட்டினம்.”

பகிடியாகத் தொடங்கிய கதை அவருடைய பிழைப்பில் கை வைத்துவிட்டது. எனக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. ஆனாலும் நான் வங்கிக்காரி அல்லவா? ஆட்களைக் கணக்குத் திறக்க வைப்பதும், அவர்கள் போனில் எங்கள் செயலியைப் போட்டுக் கொடுப்பதும்தான் என் வேலை.

“அந்தக் கணக்கை மூடிப்போட்டு இஞ்சை வாங்கோவன் ஐயா.”

“மூடக் கேட்டனான். அதுக்கும் கையெழுத்து வேணுமாம். அதுவும் பழைய கையெழுத்து மாதிரியே இருக்கவேணுமாம். சேந்து வாழவும் விடமாட்டினமாம், விவாகரத்தும் தரமாட்டினமாம். கண்டறியாத பாங்கு.”

அவருக்கு உலகத்தில் எல்லாமே கலியாணம்தான். பழைய வங்கி முதல் தாரம். அந்தச் சம்பந்தத்தைத் தீர்க்காமல் இரண்டாந்தாரம் கட்ட முடியாது. ஆனால் போய்ப் பார்த்து வைக்கலாம், அதில் பிழை இல்லை. அப்படித்தான் அவர் எங்களைப் பெண் பார்க்க வந்தார்.

வெள்ளிக்கிழமை, ராகுகாலம் கழிந்த பிறகு, பட்டு வேட்டி கட்டி, கூடவே தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்து மனேச்சரின் அறையில் அமர்ந்தார். எங்கள் மனேச்சர் இளம் ஆள், புதிதாக மாற்றலாகி வந்தவர். வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் பட்டிஸ் பலகாரமும் வாங்கி வைத்தார்.

“என்ன மாதிரிக் கணக்கு ஐயா வேணும்?”

“அது இருக்கட்டும் தம்பி. முதல்லை இந்தக் கிளை பிறந்த திகதியையும் நேரத்தையும் சொல்லுங்கோ.”

வாடிக்கையாளர் சாதகம் கேட்டால் என்ன செய்வது என்று மனேச்சருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் வெளியே வீதியைப் பார்த்தேன். கடைசியில் எழும்பிப் போய், சுவரில் மாட்டியிருந்த திறப்பு விழாப் படத்தைக் கழற்றி வந்தார். படத்தின் கீழே திகதி இருந்தது, நாடா வெட்டியவரின் தலைக்குப் பின்னால் ஒரு மணிக்கூடு தெரிந்தது. தரகர் கண்ணாடியைப் போட்டு நேரத்தைப் பார்த்து, விரல் மடித்துக் கணக்குப் போட்டு, “ரோகிணி. பரவாயில்லை. செவ்வாய்தான் கொஞ்சம் பிழையான இடத்திலை நிக்குது” என்றார். மனேச்சர் தன் தவறு மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார்.

“தாய் தேப்பன் எங்கை?”

“தலைமை அலுவலகத்தைக் கேக்கிறியளோ? அது கொழும்பிலை ஐயா.”

“தாய் தேப்பன் கொழும்பிலை. பிள்ளையைத் தனிய இஞ்சை விட்டிருக்கினம்” என்று மச்சானிடம் சொன்னார். மச்சான் பட்டிஸ் நிறைந்த வாயோடு தலையை ஆட்டினார்.

அடுத்ததாகக் குசினியைக் காட்டச் சொன்னார். முன் அலங்காரத்தைக் கண்டு ஏமாறுகிற ஆள் அவர் இல்லை. பின்பக்கம் போய்க் கோப்பை கழுவும் தொட்டியில் விரலால் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து, “இஞ்சை இருந்து விட்டிட்டுப் போனவை என்ன குறை சொல்லிப்போட்டுப் போனவை?” என்று கேட்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் மனேச்சருக்கு வியர்த்துவிட்டது.

இனி விட்டால் கிளையின் ஒழுக்கத்தைப் பற்றி அயலில் விசாரிக்கப் போய்விடுவார் என்று நான் குறுக்கே புகுந்தேன்.

“ஐயா, உங்களுக்குக் கிளையே தேவையில்லை. ஒன்லைன் கணக்கு எண்டால் கையெழுத்துக் கரைச்சல் இல்லை. வீட்டிலை இருந்து போனுக்கு முகத்தைக் காட்டினால் காணும்.”

“உதை மட்டும் எனக்குச் சொல்லாதேங்கோ பிள்ளை” என்றார். “கனடாவிலை இருந்து ஒரு மாப்பிளையின்ரை படம் வந்தது. தலைமயிர் எண்டால் காடு. பெட்டை எயாப்போட்டிலை போய் இறங்கினால், பூச்செண்டோடை ஒருத்தர் மொட்டந்தலையா நிக்கிறார். மாப்பிளையின்ரை சித்தப்பா எண்டு நினைச்சுக் காலிலை விழுந்திட்டாள். அவர்தான் மாப்பிளை. நேரிலை பாக்காத சம்பந்தம் எனக்கு இனி வேண்டாம்.”

நான் விடவில்லை. அவருடைய போனை வாங்கி, முகத்தைக் காட்டினால் பூட்டுத் திறக்கும்படி செய்து கொடுத்தேன். போட்டோக் கடையில் இருப்பது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனைப் பார்த்தார். திறந்தது. மச்சானிடம் நீட்டினார். திறக்கவில்லை. மனேச்சரிடம் நீட்டினார். திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தன் முகத்தைக் காட்டினார், மறுபடி திறந்தது. கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

“இதுக்கு என்னைத் தெரியுது” என்றார் மெதுவாக.

பிடித்துவிட்டோம் என்று நானும் மனேச்சரும் ஆளையாள் பார்த்துக்கொண்டோம். ஆனால் அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு எழும்பினார்.

“தெரிஞ்சு என்ன செய்ய? இது வாய் திறந்து ஆருக்குச் சொல்லப்போகுது? வரிசையிலை வைச்சுத்தான் நான் நானில்லை எண்டவை. வரிசையிலை வைச்சுத்தான் நான் நான்தான் எண்டும் சொல்லவேணும். பேந்து நான் எந்தப் பாங்குக்கும் வருவன், உந்தப் போனுக்குள்ளையும் வருவன்.”

“நீர் கூடப் போய், அந்தக் கணக்கை மூடி ஆளைக் கூட்டிக்கொண்டு வாரும்” என்று மனேச்சர் என்னை அனுப்பினார். அந்த மாதம் சேர்க்க வேண்டிய புதுக் கணக்குகளில் எங்களுக்கு இன்னும் ஆள் குறைவு.

எதிர்ப்பக்க வங்கி மனேச்சர் நல்ல மனிதர். தரகரை இருக்கச் சொல்லித்தான் பேசினார். “நாங்கள் வேணுமெண்டு செய்யேல்லை ஐயா. இந்தப் பாங்கிலை கணக்கு வைச்சிருக்கிற ஒராள், உங்களைத் தெரியும் எண்டு கையெழுத்து வைக்கட்டும். நாங்கள் உங்கடை புதுக் கையெழுத்தை எடுக்கிறம். பேந்து நீங்கள் மூடுறதெண்டாலும் மூடலாம்.”

நான் பேனையை எடுத்தேன். “நீங்கள் முன்னாலை இருக்கிற பாங்கு எல்லோ?” என்றார் மனேச்சர். “உங்களுக்கு இஞ்சை கணக்கு இருக்கோ?” இல்லை. பேனையை வைத்துவிட்டேன்.

தரகர் கலங்கவில்லை. வரிசையைப் பார்த்துத் திரும்பினார். தெரிந்த முகங்கள் நிறைய. அவர் கட்டி வைத்தவர்கள், கட்டி வைத்தவர்களின் தாய் தகப்பன்மார். “ஆராவது ஒராள் வந்து, என்னைத் தெரியும் எண்டு ஒரு கையெழுத்து வையுங்கோ” என்றார், சிரித்தபடிதான்.

ஒருவரும் வரவில்லை. ஒருவர் வட்டி வீதப் பலகையைப் படிக்கத் தொடங்கினார். இன்னொருவருக்குத் திடீரென்று போன் வந்தது, மணி அடிக்காமலே. ஒரு புது மாப்பிள்ளை வரிசையை விட்டே போய்விட்டான். அவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் காரணமும் விளங்கியது. எங்கள் பக்கத்தில் வங்கிக்குள் இன்னொருவருக்காகக் கையெழுத்து வைப்பது என்றால் பிணை நிற்பது என்றுதான் அர்த்தம். பிணை நின்று டிராக்டரைப் பறிகொடுத்தவனை எல்லோருக்கும் தெரியும். இது கடன் இல்லை என்று நான் கத்திச் சொன்னேன். அதைக் கேட்டு அவர்களுக்குச் சந்தேகம் கூடிவிட்டது.

தரகரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. நடுங்கும் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார். “போவம் பிள்ளை” என்றார்.

அப்போதுதான் வரிசையின் வாலிலிருந்து ஒரு பெண் முன்னுக்கு வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், கையில் சந்தைப் பை, அதற்கு வெளியே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது.

“ஏன் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறியள்? உந்தாளைத் தெரியாதோ உங்களுக்கு?” என்றார். பிறகு மனேச்சரிடம், “எனக்குத் தெரியும். என்ரை வாழ்க்கையைக் குழப்பின மனிசன் இவர்தான். மாப்பிளை தண்ணியே தொடமாட்டார் எண்டு எங்கடை அப்பாட்டைச் சொன்னவர். மெய்தான். தண்ணி கலக்காமல்தான் குடிச்சவர். எத்தினை வருசம் நான் பட்ட பாடு” என்றார்.

மனேச்சர் தொண்டையைச் செருமினார். “அப்ப... இவரைத் தெரியும் எண்டு கையெழுத்து வைப்பியளோ அக்கா?”

“வைக்காமல்? உந்த முழியை எங்கை கண்டாலும் சொல்லுவன்.”

பேனையைப் பறித்து, தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்து வைத்தார். தரகரைப் பார்த்தேன். தேரில் ஏற்றி ஊர்வலம் கொண்டு போகிற ஆளின் முகம்.

“கேட்டனீங்களோ பிள்ளை? எல்லாருக்கும் கேட்டிருக்கும் என்ன?” என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம் பணிவாக, “மனிசன் இப்ப எப்பிடித் தங்கச்சி?”

“டொக்டர் வெருட்டினாப் பிறகு விட்டிட்டார். அது கிடக்கட்டும். மூத்தவளுக்கு இருபத்தஞ்சாகுது. ஞாயிற்றுக்கிழமை வீட்டை வந்து குறிப்பை வாங்குங்கோ. ஆனா இந்தமுறை மாப்பிளையின்ரை வாயை நானே மணந்து பாப்பன்.”

“கட்டாயம் பாக்கவேணும்” என்றார் தரகர்.

நடுங்கி நடுங்கிப் புதுக் கையெழுத்து வைத்தார். சுழி இல்லை, வால் இல்லை, மழையில் நனைந்த சேவல் மாதிரி இருந்தது. அதை ஏற்றுக்கொண்டார்கள். நான் கணக்கு மூடும் படிவத்தை அவர் முன்னால் நகர்த்தினேன். அவர் அதை என் பக்கமே திருப்பி நகர்த்தினார்.

“குறை நினையாதேங்கோ பிள்ளை. உங்கடை பாங்கு நல்ல இடம், குசினியும் துப்புரவு. ஆனா இஞ்சை என்னைத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம்.”

ஒன்லைனும் வேண்டாமாம். அதிலே வரிசை இல்லையாம். வெறுங்கையோடு திரும்பி வந்த என்னிடம் எங்கள் மனேச்சர் கேட்டது, அந்தப் பட்டிஸ் காசை எந்தச் செலவில் எழுதுவது என்றுதான்.

அடுத்த கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒருவருக்கும் சொல்லாமல் வீதியைக் கடந்து போய் நான் அந்த வங்கியில் ஒரு சின்னக் கணக்குத் திறந்தேன். அந்த நடுக்கம் குறைகிற நடுக்கம் இல்லை, கையெழுத்து இன்னும் மாறும். அவர் இன்னாரென்று திரும்ப ஒரு நாள் கேட்டால் அந்த அக்கா சந்தையில் நிற்கக்கூடும், நான் எதிர்ப்பக்கத்தில்தான் இருப்பேன்.