கன்னத்துக்குள் உப்பு

"இன்னம் கொஞ்சம் தொற மகள்" என்றான் முனாஸ், போன் வெளிச்சத்தை ஸனாவின் வாய்க்குள் அடித்தபடி.

ஆறு வயது ஸனா திறந்தாள். கன்னத்தின் உள்பக்கம், கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, வெள்ளையாக நாலைந்து புள்ளிகள்.

பாடசாலை வட்ஸ்அப்பில் காலையில் வந்த செய்தி அதைத்தான் சொல்லியிருந்தது. சின்னமுத்து பரவுகிறது. காய்ச்சல், இருமல், சிவந்த கண். உடம்பில் தடிப்பு வர முந்தியே கன்னத்துக்குள் உப்புத்தூள் போலப் புள்ளிகள் தெரியும். பச்சைக் குழந்தைகளுக்கு ஆபத்து.

பச்சைக் குழந்தை ஒன்று கலகெதரையில், மாமியார் வீட்டில் இருந்தது. அவனுடைய மகன். நாளைக்கு ஏழாம் நாள். தலைமுடி இறக்கிப் பெயர் வைக்க வேண்டும். மூத்தவளுக்கு மாமி முந்திக்கொண்டு பெயர் வைத்துவிட்டதால், ஆறு வருடமாக ஒரு பெயரை மனதுக்குள் பூட்டிவைத்திருக்கிறான். மனைவி பஸ்லினாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தான். திரும்பப் பார்த்தால் புள்ளிகள் இரண்டு மடங்கு. உப்பைக் கரைக்க மறந்தது பிறகுதான் ஞாபகம் வந்தது. சுத்தத் தண்ணீரில் கழுவிவிட்டு, மனதைத் தேற்ற ஒரு தேத்தண்ணி குடித்து வந்து பார்த்தான். மறுபடியும் புள்ளிகள்.

பஸ்லினாவுக்குப் போன் எடுத்தான். பக்குவமாகச் சொல்ல நினைத்தது இருமலுக்கு நடுவே பக்குவமில்லாமல் வந்தது.

"அது சரி, நீங்க ஏன் இருமுறீங்க?"

"மில்லு."

கட்டுகஸ்தோட்டையில் மிளகாய் அரைக்கும் மில் வைத்திருப்பவனிடம் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை.

கலகெதரையில் மாமி, நாளைய விருந்துக்கு முந்தியே வந்திருந்த அத்தனை பேரையும் உட்காரவைத்து வாய் பார்க்கத் தொடங்கினார். வெற்றிலை போட்ட வாய்களில் ஒன்றும் விளங்கவில்லை. சமையல்காரர் கோபித்துக்கொண்டு, ஆட்கள் கூடிச் சாப்பிடும் சகன் தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம்.

முனாஸ் மகளுக்கு இரண்டு மாஸ்க் போட்டு டொக்டர் ராஜலிங்கத்தின் டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனான். காத்திருந்தவர்களைத் தள்ளி உட்காரச் சொன்னான். பிள்ளைக்கு சின்னமுத்து என்று இருமி இருமி விளக்கினான். தும்மலும் வந்தது.

உள்ளே போனதும் நாளைய பெயர் வைப்பைப் பற்றி, கேட்காமலே முழுவதும் சொன்னான். டொக்டர் பஞ்சுக் குச்சியால் ஸனாவின் கன்னத்தைத் துடைத்தார். புள்ளிகள் குச்சியோடு வந்துவிட்டன.

"என்ன சாப்பிட்டீங்க பாப்பா?"

"பால்மா" என்றாள் ஸனா. "வாப்பா டோர்ச் அடிச்சா பயம் வாற. பயம் வந்தா ஒரு கரண்டி தின்ற."

முனாஸுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. கண்ணீர் காலையிலிருந்தே வந்துகொண்டுதான் இருந்தது.

"கண்ணு எவ்வளவு நாளா இப்பிடி?" என்றார் டொக்டர்.

"பதினெட்டு வருஷமா."

"காய்ச்சல்?"

"மில்லு சூடு, டொக்டர்."

"நீங்களும் ஒருக்கா வாயத் தொறங்க."

புதிய குச்சியால் துடைத்தார். அழுத்தித் துடைத்தார். புள்ளிகள் போகவில்லை. டொக்டர் குச்சியைப் போட்டுவிட்டுத் தன் மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிக்கொண்டார்.

"பிள்ளைக்கு ஒன்னுமில்ல, முனாஸ் நானா. நீங்க பேர மட்டும் போன்ல சொல்லி அனுப்புங்க."