வெயில் சாய்வதற்குள் ஒரு விலை

திருவண்ணாமலை,
2-12-1978

கீழ்பென்னாத்தூர் பக்கத்து மணிலா விவசாயி, என் மதிப்புக்குரிய விருசபதாசன் நயினார் அவர்கள் சமூகத்துக்கு, எண்ணெய் மில்லில் மணிலாக்கொட்டை, அதாவது நிலக்கடலை, கொள்முதல் பார்க்கும் ஆதிமூலம் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி வெள்ளையம்மாளும் நலம். உங்கள் நலமும், சுனந்தா அம்மாள் நலமும், வண்டி மாடுகள் இரண்டின் நலமும் அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன்.

நிற்க. இரண்டு லோடு வந்து சேர்ந்தது. நீங்கள் வரவில்லை, உங்கள் வண்டிக்காரன் சடையன்தான் ஓட்டி வந்தான். கூடவே ஒரு சீட்டு, 'விலையை நீங்களே போட்டுக்கொள்ளவும்' என்று. இது என்ன நியாயம் நயினாரே? பதினோரு வருஷமாக நீங்கள் ஒன்று சொல்வதும், நான் பிடிக் கொட்டையை உடைத்து ஒரு பருப்பைக் கடித்து முகத்தைச் சுளித்து "ஈரம் ஜாஸ்தி" என்பதும், நீங்கள் கோபமாக மூட்டை வாயைக் கட்டுவதும், நான் கேட் வரை ஓடி வந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பதுமாக இருந்த இடத்தில், இப்போது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானே ஒரு விலை சொல்லி நானே முடியாது என்கிறேன். முதலாளி எட்டிப் பார்த்து, "யார்கிட்டய்யா பேசற?" என்று கேட்டுவிட்டார். சடையனைக் கேட்டால், "எனக்கு வண்டி ஓட்டத்தான் சார் தெரியும்" என்கிறான்.

உங்கள் கோபம் எதனால் என்று எனக்குத் தெரியும். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றையும் இன்று ஒப்புக்கொள்கிறேன். சமண நெறிப்படி, பொழுது சாய்ந்தால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். எங்கள் ஊருக்கோ மேற்கே மலை. உங்கள் மணிலாக் கொல்லையில் வெயில் அடிக்கும்போதே இங்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அதனால்தான் மூன்று மணிக்கு உங்கள் மாட்டின் கொம்பைப் பற்றிப் பேசுவேன், நாலு மணிக்குத் தராசு சரியில்லை என்பேன். சூரியன் மலை உச்சியைத் தொட்டதும் நீங்கள் அண்ணாந்து பார்ப்பீர்கள். "சரி, மூட்டைக்கு ஒரு ரூபா கம்மி பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு, மில்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, வெள்ளையம்மாள் வெங்காயம் போடாமல் கிண்டிய உப்புமாவை அவசர அவசரமாகச் சாப்பிடுவீர்கள். முதலாளி என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். என் கெட்டிக்காரத்தனம் முழுவதும் அந்த மலைதான்.

போன ஐப்பசியில் அந்த மழை நாளில் வெயிலும் இல்லை, மில் கடிகாரமும் ஓடவில்லை. "இன்னும் நேரம் இருக்குங்க, இன்னும் நேரம் இருக்குங்க" என்றே இழுத்தேன். நீங்கள் ஒரு ரூபாய் இறங்கி, கை கழுவிவிட்டு வந்து உட்காரும்போது தெரு விளக்கு எரிந்துவிட்டது. தட்டைப் பார்த்தீர்கள். "பரவால்லம்மா, மூடி வைங்க" என்று எழுந்து போய் வண்டியைப் பூட்டினீர்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஐந்தரை மணிக்கு அடுப்பு அணைகிறது. "நயினாரு சாப்புடாம போன வூட்ல ஒங்களுக்கு மட்டும் என்னா ராச்சோறு?" என்கிறாள் வெள்ளையம்மாள். வயிறு காயும்போதுதான் நான் செய்தது என்னவென்று புரிகிறது. இனி உங்களிடம் பேரமே பேச மாட்டேன், சத்தியம். நீங்கள் சொன்னதுதான் விலை. கோபத்தை விட்டு ஒரு தடவை வாருங்கள். நீங்கள் இல்லாமல் மில்லுக்குப் போகவே பிடிக்கவில்லை.

சுனந்தா அம்மாளுக்கு எங்கள் வணக்கம். மாடுகளுக்கு ஆளுக்கொரு பிண்ணாக்குக் கட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
ஆதிமூலம்

பின்குறிப்பு: இன்லண்ட் லெட்டரை ஒட்டப் போகும்போது வாசலில் மாட்டு மணிச் சத்தம். நீங்களேதான்! முட்டியில் கட்டு. "முட்டி வீங்கிப்போச்சு, அதான் சடையனை அனுப்பினேன். கோவமா? யார் மேல?" என்கிறீர்கள். கடிதத்தை உங்களுக்கே படித்துக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். "சுனந்தா கட்டிக் குடுத்ததை வழியில ஏரிக்கரையிலயே சாப்ட்டுட்டுத்தான் எப்பவும் வருவேன். ஒங்க வூட்டு உப்புமா ரெண்டாம் சாப்பாடு. நீங்க கொறைக்கறதுக்குன்னே ஒரு ரூபா ஏத்திச் சொல்லுவேன். முதலாளி எதிர்ல நீங்க ஜெயிக்க வேணாமா?" ஆகவே, மேலே செய்த சத்தியம் ரத்து.

"அன்னிக்கு?" என்று வெள்ளையம்மாள் கேட்டாள். நீங்கள் முட்டிக் கட்டைத் தடவினீர்கள். "அன்னிக்கு மழையில கட்டுச்சோறு நனைஞ்சுபோச்சும்மா."

அப்படியானால் அன்று முழுப் பட்டினி. அன்றும் எனக்காக ஒரு ரூபாய் இறங்கியிருக்கிறீர்கள்.

எதிரில் உட்கார்ந்துகொண்டு "இன்னும் என்னா எழுதறீங்க?" என்கிறீர்கள். இதைத்தான். மணி மூன்று, மலைக்கு மேலே வெயில் நிறைய இருக்கிறது. உப்புமா ஆறுகிறது, முதலில் சாப்பிடுங்கள். அந்த இரண்டு லோடுக்கு இன்றைக்கு நான் ஒரு ரூபாய் ஏற்றிச் சொல்கிறேன். முடிந்தால் குறைத்துப் பாருங்கள்.